லில்லி டாக்டரின் ஆமைக் கட்டில்

வலி முதலில் தோளில்தான் வந்தது. வலது தோள். "கண்டக்டருக்குத் தோள் வலிக்காம பின்ன யாருக்கு வலிக்கும்?" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் தனியார் பஸ் ஒன்றில் எனக்கு வேலை. மலைக்கு அப்போது பஸ்கள் மிகக் குறைவு. அதனால் எங்கள் வண்டியில் ஆட்களோடு புளி மூட்டை, சாமை மூட்டை, கோழிக் கூடை, சில நாள் ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறும். அந்த நெரிசலில் சில்லறை அடைத்த தோல்பையை நாள் முழுக்கத் தோளில் மாட்டிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனுக்குத் தோள்வலி வருவதில் என்ன அதிசயம்?

பையை இடது தோளுக்கு மாற்றினேன். வலி வலது தோளிலேயே இருந்தது. என் மனைவி வசந்தா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். தேய்க்கும்வரை சுகமாக இருக்கும். பிறகு சாயங்காலமானால் உடம்பு நடுங்கும், காய்ச்சல் வரும். விடியற்காலையில் வேர்த்துக் கொட்டிப் பாய் நனைந்துவிடும். ஊரில் பார்த்த டாக்டர், மலைக்குப் போய்வருகிற ஆள் என்பதால் மலேரியாவாக இருக்கும் என்று கசப்பு மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் குறைவதுபோல் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தது. காக்கிச் சட்டை தொளதொளத்தது. வசந்தா ஆணியால் என் பெல்ட்டில் புதிய ஓட்டை போட்டுக் கொடுத்தாள். பிறகு அதற்கும் உள்ளே இன்னொன்று.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் பஸ்ஸின் முன் சீட்டில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். நூல் புடவை, காலில் ஆண்கள் போடும் தடித்த செருப்பு, மடியில் செய்தித்தாளில் சுற்றிய ஜீப் கார்புரேட்டர். எங்கள் பஸ் கடைசியாகப் போய் நிற்கும் மாமரத்தூரில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் டாக்டர் லில்லி அவர்தான். வழக்கமாகத் தன் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு போவார். ஜீப் படுத்துவிட்டதால் கோளாறான பாகத்தைத் தானே கழற்றி, வாணியம்பாடிக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, திரும்பிக்கொண்டிருந்தார்.

டிக்கெட்டைக் கிழித்து நீட்டினேன். அவர் டிக்கெட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"கண்டக்டர், ஏன் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிறீங்க?"

"தோள் வலிங்கம்மா. பை மாட்டி மாட்டி வந்துது."

"பை இடது தோள்லதானே தொங்குது?"

"அதுக்குத்தாம்மா மாத்திகினேன். மூணு வாரம் ஆவுது."

"மூணு வாரமா சும்மா கிடக்கிற தோள் ஏன் இன்னும் வலிக்குது? எங்க, மூச்சை நல்லா இழுங்க பார்க்கலாம்."

இழுத்தேன். பாதி மூச்சில் வலது விலாவுக்குள் யாரோ குத்தியதுபோல் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டேன். மாமரத்தூரில் பஸ் நின்றதும், "என்கூட வாங்க" என்றார்.

"திரும்பற ட்ரிப் கீதும்மா. நாளைக்கு வர்றேன்."

எங்கள் டிரைவர் காதர் பாய் இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். வாணியம்பாடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பஸ்ஸுக்குள் அதிகம் பேசமாட்டார். இன்ஜினை நிறுத்தினார். சாவியை உருவி இறங்கி வந்து டாக்டரம்மா கையில் வைத்தார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்மா. இவன் உடம்பைக் காட்டினா குடுங்க. இல்லாட்டி வண்டி இங்கயே நிக்கட்டும்."

கீழே போகக் காத்திருந்த புளிக் கூடைக்காரப் பெண்களும் பாய் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "போய்யா, போயி காட்டிட்டு வா. நாங்க இன்னா ஓடியா போவப்போறோம், குந்திகினு கீறோம்" என்றார்கள். பஸ் நிறைய ஆட்களைக் காக்கவைத்துவிட்டு ஒரு கண்டக்டர் ஆஸ்பத்திரிக்குப் போனது அந்தத் தடத்தில் அன்றுதான் முதல்முறையாக இருக்கும்.

அந்த ஆஸ்பத்திரி ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு, நடுவில் பெரிய ஜன்னல் வைத்த ஆபரேஷன் அறை. எக்ஸ்ரே மெஷின் கிடையாது. டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து, இடது கை விரல்களை என் நெஞ்சில் விரித்துவைத்து, அதன்மேல் வலது கை நடுவிரலால் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். காற்று இருக்கிற இடத்தில் சத்தம் டொம் டொம்மென்று வரும், கெட்டியான உறுப்பு இருக்கிற இடத்தில் மொத்தென்று அடங்கிவிடும் என்று பிறகு சொன்னார். நல்ல உடம்பில் விலாவின் கீழ்ப்பகுதியில் அடங்கவேண்டிய சத்தம் எனக்கு மேலேயே அடங்கிவிட்டது. பிறகு இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து ஒற்றை விரலால் அழுத்தினார். நான் போட்ட கத்தல் வெளியே பஸ்வரை கேட்டதாம்.

"அவ்வளவுதான், கிடைச்சிடுச்சு" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். வலியில் துடித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தச் சந்தோஷம் எரிச்சலாக இருந்தது.

"கல்லீரல்ல சீழ்க் கட்டி" என்றார். "முன்னாடி எப்பவாவது சீதபேதி வந்துதா?"

வந்திருந்தது. சில மாதங்களுக்கு முன் ஓடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு வாரம் அவதிப்பட்டேன். தானே நின்றுவிட்டதென்று மறந்துபோனேன். அது நிற்கவில்லை. தண்ணீரோடு குடலுக்குள் போன அமீபா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி, அங்கே புண் உண்டாக்கி, ரத்தத்தோடு கல்லீரலுக்கு ஏறிப்போய் உட்கார்ந்து அதைக் கரைத்துக்கொண்டிருந்தது.

"அப்ப தோள் ஏம்மா வலிக்குது?"

அவர் ஒரு சாக்கட்டியை எடுத்துச் சுவரில் வரைந்தார். மளமளவென்று, பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல அழகாக. நெஞ்சு, வயிறு, இரண்டுக்கும் நடுவே குடை மாதிரி ஒரு தசைத் தடுப்பு, அதன் அடியில் கல்லீரல். "கழுத்திலேருந்து வர்ற நரம்பு இந்தத் தடுப்புக்கும் போவுது, அதே இடத்திலேருந்து தோளுக்கும் போவுது. கட்டி வீங்கித் தடுப்பை உரசுது. சேதி எங்கேருந்து வந்துச்சுன்னு மூளைக்குக் குழப்பம். தோள்தான் போலன்னு முடிவு பண்ணிடுது. உங்க மேல தப்பில்ல, உங்க மூளையே ஏமாந்துடுச்சு."

பாய் சாவியை வாங்கிக்கொண்டு, கண்டக்டர் இல்லாமல் பஸ்ஸைக் கீழே கொண்டுபோனார். புளிக்காரப் பெண்களில் ஒருத்தி எல்லோரிடமும் காசு வசூலித்துக் கொடுத்தாளாம். மறுநாள் அதே பஸ்ஸில் வசந்தா வந்து இறங்கினாள். கையில் ஒரு பை, கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. கட்டி என்றதும் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள்.

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. என் வீட்டில் இருந்த பெண்களின் பேச்சுக்குப் பயந்து வசந்தா வாயே திறப்பதில்லை. பத்தாவது வரை படித்தவள். அந்தப் படிப்பை அடுப்பங்கரையில் யாரும் கேட்கவில்லை. என்னை அப்படிப் பார்த்ததும் மூலையில் போய் நின்றுகொண்டாள். டாக்டரம்மா அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தார். அன்று காலை பரிசோதனைக்கு எடுத்த என் மலத்தின் ஒரு துளி அதில் இருந்தது.

"இதுதான் உன் வூட்டுக்காரரைப் படுக்கவச்ச ஆளு. பாரு. கேன்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வசந்தா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். எழுந்து வந்து என் கட்டில் அருகில் நின்று, "ஏங்க, உருண்டை உருண்டையா எவ்ளோ அழகா கீது தெரியுமா?" என்றாள். என் உயிரை வாங்கவந்த கிருமியை அப்படிப் புகழ்ந்த முதல் ஆள் அவள்தான்.

கட்டில்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வார்டில் கட்டில்களுக்கு எண் கிடையாது. மலையில் நிறையப் பேருக்கு அப்போது எண்ணைப் படிக்கத் தெரியாது என்பதால், ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே சுவரில் டாக்டரம்மா ஒரு மிருகத்தையோ பறவையையோ வண்ணத்தில் வரைந்திருந்தார். எனக்கு வாய்த்தது ஆமைக் கட்டில். "ஆமைக்கு ஊசி போட்டாச்சா?" "மயில் இன்னிக்குக் கஞ்சி குடிக்கல" என்று நர்ஸ் மேரி குரல் கொடுப்பதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் இது மாட்டாஸ்பத்திரியோ என்று தயங்கி நிற்பார்கள்.

பக்கத்து மயில் கட்டிலில் சின்னாண்டி கவுண்டர் என்ற மலை விவசாயி. தேன் எடுக்கப்போன இடத்தில் கரடி முகத்தில் அறைந்துவிட்டது. தோலைத் துண்டு துண்டாகச் சேர்த்து, பூவேலை செய்கிற மாதிரி மெல்லிய இழையில் டாக்டரம்மா தைத்திருந்தார். கட்டுப் பிரித்த அன்று கவுண்டருக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். அவர் இப்படியும் அப்படியும் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கரடிக்கு முன்ன கொஞ்சம் சுமாராத்தான் இருந்தேன். இப்பத்தான் நல்லாக் கீறேன்" என்றார்.

எனக்கு மாத்திரைகள் ஆரம்பித்தன. வாயெல்லாம் பித்தளையைச் சப்பியதுபோல ஒரு ருசி. சோறு, பால், தண்ணீர் எல்லாம் பித்தளை. காய்ச்சலால் ராத்திரிகளில் தூக்கம் கிடையாது. கல்லீரலில் கட்டி உள்ளவன் பிழைப்பானா என்று கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பேன். வசந்தாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் பெரிய பயம். பகலில் பயம் அவ்வளவு இருக்காது. பாய் பஸ்ஸை நிறுத்தியதும் பயணிகள் கும்பலாக இறங்கி நேராக என்னைப் பார்க்கவருவார்கள். தேன், சாமை, சீத்தாப்பழம் என்று கட்டிலுக்கடியில் சேர்ந்துகொண்டே போனது. அந்த ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் கட்டணமாகத் தருவதும் பெரும்பாலும் இதே பொருட்கள்தான் என்பதால், வந்ததையெல்லாம் வசந்தா ஆஸ்பத்திரி சமையலறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.

மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை. விலாவுக்கு மேலே வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிறமாதிரி வீக்கம் வந்தது. டாக்டரம்மா காலையும் மாலையும் தட்டிப் பார்த்தார். ஒரு நாள் தட்டி முடித்ததும் அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"கட்டி ரொம்பப் பெரிசாயிடுச்சு. உடைஞ்சா நெஞ்சுக்குள்ளயோ வயித்துக்குள்ளயோ கொட்டும், அது ஆபத்து. நாளைக்குக் காலையில வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப்லயே கூட்டிட்டுப் போறேன். அங்க எக்ஸ்ரே இருக்கு, ரத்தம் இருக்கு."

மறுநாள் காலை ஜீப்பும் தயார், நானும் தயார். மழைதான் முந்திக்கொண்டது. இரவெல்லாம் கொட்டிய மழையில் மலைப் பாதையின் ஒரு வளைவே சரிந்து போய்விட்டது என்று ஆள் வந்து சொன்னார்கள். கீழே போயிருந்த நர்ஸ்களும் கம்பவுண்டரும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மேலே டாக்டரம்மாவும் மேரியும் மட்டும். டோலி கட்டி என்னை நடையாகத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று சின்னாண்டி கவுண்டர் கேட்டார். "குலுக்கல்ல உடைஞ்சிடும்" என்று டாக்டரம்மா தலையசைத்தார்.

எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். எதையும் மறைக்கவில்லை.

"ஊசி போட்டு நானே இங்க சீழை எடுக்கப்போறேன். டாக்டருக்குப் படிக்கிறப்போ நிறையச் செஞ்சிருக்கேன். இந்த மலையிலயும் செஞ்சிருக்கேன். ஒருத்தர் தவறிட்டார், அதையும் சொல்லணும். மத்தவங்க நல்லா இருக்காங்க. செய்யாம விட்டா இன்னிக்கோ நாளைக்கோ தானா உடையும். ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க."

நான் வசந்தாவைப் பார்த்தேன். வீட்டில் எதையும் என்னைக் கேட்டே செய்கிறவள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"யோசிக்க இன்னாம்மா கீது? செய்ங்க" என்றாள். "கூட ஒரு கை வேணும்னா நான் நிக்கிறேன். மேரி அக்கா ஒருத்தங்களால எப்டி முடியும்?"

டாக்டரம்மா அவள் கைகளைப் பிடித்து விரித்துப் பார்த்தார். "மயக்கம் வருமா?"

"தெரியலம்மா. வந்தா ஓரமா வுழுந்துக்கறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

அப்படித்தான், பெரிய ஜன்னல் வழியாக மழை வெளிச்சம் விழுந்த அந்த அறையில், வசந்தா கொதிக்கவைத்த பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு என் தலைமாட்டில் நின்றாள். முதலில் தோல் மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு, "மூச்சைப் பிடிச்சுக்கோங்க, விடாதீங்க" என்றார் டாக்டரம்மா. அவர் அழுத்திய அதே இடத்தில் நீளமான ஊசி உள்ளே போனது. வலியைவிட ஓர் அமுக்கம்தான் அதிகம். பிறகு எதுவோ பொத்துக்கொண்டதுபோல் சட்டென்று இளகியது.

"வந்துடுச்சு!" என்றார். இந்தத் தடவை அந்தச் சந்தோஷத்தில் எனக்கு எரிச்சல் வரவில்லை. "இனிமே சின்ன மூச்சா விடலாம். அசையக் கூடாது. கண்டக்டர், ஆலங்காயத்துலேருந்து இங்க வரைக்கும் எத்தனை ஸ்டாப்புன்னு மெதுவாச் சொல்லிட்டு வாங்க, நான் பாட்டுக்கு இழுத்துட்டே இருக்கேன்."

"ஆலங்காயம்... செக்போஸ்ட்... புளியமரத்து வளைவு..." நான் முனகினேன். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு சிரிஞ்சு நிறைந்து பாத்திரத்தில் கொட்டியது. சீழ் என்றால் மஞ்சளாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இது சுண்டக்காய்ச்சிய கருப்பட்டிப் பாகு மாதிரி செங்காவி நிறம்; கரைந்துபோன கல்லீரலும் ரத்தமும் கலந்தது. மாமரத்தூர் வந்து சேர்ந்தேன். ஆனால் பாத்திரம் நிறைந்தும் சீழ் நிற்கவில்லை.

"ஸ்டாப்பு தீந்து போச்சும்மா."

"அப்படியே ரிட்டன் ட்ரிப் அடிங்க."

மேரி சிரித்துவிட்டார். வசந்தா சிரிக்கவில்லை. பாத்திரம் துளியும் ஆடாமல் இன்னொன்றை மாற்றி நீட்டினாள். பாதி வழி இறங்குவதற்குள் ஊசியில் ஒன்றும் வரவில்லை. டாக்டரம்மா ஊசியை உருவிக் கட்டுப் போட்டார். "ஒரு சொம்புக்கு மேலேயே இருக்கு" என்று பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். நான் மூச்சை மெல்ல இழுத்துப் பார்த்தேன். முழு மூச்சு. குத்தலே இல்லாமல் நெஞ்சு நிறையக் காற்று. வசந்தா பாத்திரத்தை மேசைமேல் பத்திரமாக வைத்தாள், கையைக் கழுவினாள், பிறகு ஓரமாகப் போய் மயங்கி விழுந்தாள்.

அன்று சாயங்காலம் குளிர்காய்ச்சல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பசி வந்தது. சாமைச் சோறும் கொள்ளு ரசமும் பித்தளை ருசியோடு சேர்ந்தே அமிர்தமாக இருந்தது. நான் இரண்டாம் தடவை சோறு கேட்ட செய்தியை மேரி பெண்கள் வார்டுவரை போய்ச் சொன்னார்.

பாதை சரிந்து கிடந்த அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் சில. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் டாக்டரம்மா பின்னாலேயே சுற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தச்சுக் கொட்டகை. நான் சாய்ந்து படுத்திருந்த முதுகுப் பலகை, சின்னாண்டி கவுண்டரின் முக்காலி, கால் முறிந்தவர்களின் ஊன்றுகோல்கள், எல்லாம் அவர் கையால் செய்தவை. ஜெனரேட்டர் நின்றால் அவரேதான் பிரித்துப்போடுவார். அவருடைய அப்பா அரக்கோணத்தில் ரயில் இன்ஜின் ஃபிட்டர். ஆண் பிள்ளை இல்லாததால், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க மகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவளுக்கு எல்லாம் பழகிவிட்டது.

"மெட்ராஸ்ல படிச்சு முடிச்சேன். இங்க இருந்த டாக்டர் லீவுல போறார்னு ரெண்டு மாசத்துக்குத்தான் வந்தேன்" என்றார் ஒரு நாள், பலகையை இழைத்துக்கொண்டே. "வந்த அன்னிக்கே ஒரு பிரசவம். மறுநாள் பாம்புக்கடி. அதுக்கடுத்த நாள் ஜெனரேட்டர் நின்னுடுச்சு. எனக்குத் தெரிஞ்ச எல்லா வேலைக்கும் ஒரே இடத்துல தேவை இருந்தது. இந்த மாதிரி வேற எங்க கிடைக்கும்? லீவுல போனவர் திரும்பி வரல. நானும் போகல."

எல்லாம் தெரிந்த அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது, பாட்டு. ஆர்மோனியம் அருமையாக வாசிப்பார். சாயங்காலம் வார்டு நடுவில் அதைக் கொண்டுவந்து வைத்து, விரல்கள் ஓட ஆரம்பித்தால் நோயாளிகள் வலியை மறந்து எழுந்து உட்காருவார்கள். பிறகு அவர் வாயைத் திறப்பார். ஆர்மோனியக் கட்டை ஓரிடம், குரல் வேறிடம். அதுவும் அடித்தொண்டையில், மனம் நிறைந்து, உரக்க. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த சின்னாண்டி கவுண்டர் ஒரு நாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"டாக்டரம்மா, பொட்டிய மட்டும் நீங்க வாசிங்க. பாட்டை நாங்க பாத்துக்கறோம்."

எங்கள் எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் அவர்தான். அன்றுமுதல் கவுண்டர் சாமை அறுப்புப் பாட்டைப் பாட, ஆர்மோனியம் பின்தொடர்ந்தது. பெண்கள் வார்டிலிருந்து கும்மித் தட்டு கேட்கும்.

ஒரு காலை மட்டும் அந்தச் சிரிப்பு இல்லை. தூரத்து ஊரிலிருந்து டோலியில் தூக்கிவந்த ஒரு தாயைக் காப்பாற்ற முடியவில்லை. குழந்தையும் பிழைக்கவில்லை. தூக்கிவந்தவர்களை அனுப்பிவைத்துவிட்டு டாக்டரம்மா கொட்டகைக்குப் போய் இழைப்புளியைக் கையில் எடுத்தார். நான் வாசலில் நின்றேன். அவரே பேசினார்.

"ரோடு இருந்திருந்தாலும் முடிஞ்சிருக்காது, கண்டக்டர். நேத்தே வந்திருக்கணும். வலி வந்ததும் பக்கத்துல இருந்து பார்த்துச் சொல்றதுக்கு அந்த ஊர்ல ஒரு பொண்ணு இருந்திருந்தா வந்திருப்பாங்க. என்கிட்ட அத்தனை கை இல்ல." சுருள் சுருளாகச் செதில் விழுந்தது. கண்ணீரும் விழுந்தது. அவர் இழைப்பதை நிறுத்தவில்லை. வசந்தா எனக்குப் பின்னால் கஞ்சித் தம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்ளரை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய், பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆள் பற்றாக்குறையால் வசந்தா ஏற்கெனவே முழு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிகளைக் கொதிக்கவைப்பது, கட்டுத்துணி சுற்றுவது, காய்ச்சல் பார்த்து எழுதுவது. இப்போது பிரசவ அறையிலும் நிற்க ஆரம்பித்தாள். எனக்குக் கஞ்சி கொண்டுவர மறந்தாள். ஞாபகப்படுத்தினால், "உங்களுக்குத்தான் நல்லாயிடுச்சே, நீங்களே போயி வாங்கிக்கங்க" என்பாள். அவளா பேசுகிறாள் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

பாதையைச் சரிசெய்தார்கள். ஒரு மத்தியானம் வளைவுகளில் காதர் பாயின் ஹாரன் கேட்டது. கட்டிலில் கிடந்தவர்கள்கூட வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாய் இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். டாக்டரம்மா கடைசியாக ஒருமுறை தட்டிப் பார்த்து, "வீட்டுக்குப் போகலாம். ஒரு மாசம் ஓய்வு. கொதிக்கவச்ச தண்ணி மட்டும்தான்" என்றார்.

நான் பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் வசந்தாவுக்கு இடம் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று என் துணிப் பையை உள்ளே நீட்டினாள். அவளுடைய பை கையில் இல்லை.

"நீ ஏறலையா?"

"நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். "எனக்கு டூட்டி கீது."

"டூட்டியா?"

"டாக்டரம்மா கத்துக்குடுக்கறேன்னு சொன்னாங்க. நான்தான் கேட்டேன். சரின்னுட்டாங்க. உங்களுக்கு இப்பத்தானே உடம்பு தேறுது, மெதுவாச் சொல்லலாம்னு இருந்தேன். பஸ்ஸு வந்துடுச்சு."

டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் பஸ்ஸின் முன் டயரைக் குனிந்து மிகக் கவனமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். காதர் பாய் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்டக்டர் வேலைக்கு வந்திருந்த புது ஆள் விசில் ஊதிவிட்டான்.

வீட்டில் சொன்னபோது பெரிய ரகளை. புருஷனைத் தனியே விட்டுவிட்டு மலையில் என்ன வேலை என்று கேட்டார்கள். பாயில் படுத்துக்கொண்டு யோசித்தேன். இந்த வீட்டில் அத்தனை வருஷம் இருந்தவளையும், சீழ்ப் பாத்திரத்தை ஆடாமல் பிடித்தவளையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தேன். மாமரத்தூர் கடைசி ஸ்டாப். மாலையில் கடைசி ட்ரிப்பாகப் போய் நிற்கும் பஸ் காலையில்தான் இறங்கும். கண்டக்டர் அங்கே குடியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

உடம்பில் தெம்பு வந்ததும், பாத்திரம் பண்டம், பாய் தலையணை எல்லாவற்றையும் மூட்டை கட்டி பஸ் கூரையில் ஏற்றினேன். காதர் பாய் கயிறு பிடித்துக் கட்டிக்கொடுத்தார். மாமரத்தூரில் இறங்கி, மூட்டைகளை ஆஸ்பத்திரி வாசலில் அடுக்கினேன். வசந்தா வெள்ளைப் புடவையில், முழங்கைவரை ஈரமாக, வேகமாக வெளியே வந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"செத்த இங்கயே குந்திகினு இருங்க. உள்ள ஒரு பொண்ணு வலியில கீறா. முடிச்சிட்டு வர்றேன்."

கதவு மூடிக்கொண்டது. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருந்தேன். வெயில் தாழ்ந்தது. உள்ளே டாக்டரம்மாவின் குரலும் ஒரு பெண்ணின் முனகலும் மாறி மாறிக் கேட்டன. திடீரென்று ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்கும் மேலே, கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத அளவு சத்தமாக, வசந்தா சிரித்தாள்.